பாரம் இருக்கிறது, எங்கே தொடங்குவது? சபைக்கு வரும் புதியவர்களை வரவேற்க விரும்புகிறவர்களுக்கு

சபைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகவோ, நம் தெருவில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காகவோ ஏதாவது செய்யவேண்டும் என்று மனதில் ஒரு பாரம், ஆனால் இது ஆண்டவர் கொடுக்கும் அழைப்பா இல்லை என் சொந்த ஆசையா என்று தெரியவில்லை, தெளிவு கிடைத்ததும் ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன். இப்படிச் சொல்கிறவர்கள் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இது. என் மனதில் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தெளிவு முழுசாகக் கிடைத்த பிறகு கதவைத் திறக்கலாம் என்று காத்திருக்காதீர்கள், ஏனென்றால் அந்தத் தெளிவை வாசலில் நிற்கிறவரிடமே ஆண்டவர் கொடுத்தனுப்புவார். ஆபிரகாம் மம்ரேயில் வெயில் நேரத்தில் கூடார வாசலில் உட்கார்ந்திருந்தபோது வந்த மூன்று பேர் யார் என்று விசாரித்துவிட்டு அவர் எழுந்து ஓடவில்லை. கால் கழுவத் தண்ணீர், அப்பம், இளங்கன்று எல்லாம் ஆகி, அவர்கள் சாப்பிட்ட பிறகுதான் குழந்தை பிறக்கப்போகும் செய்தி சாராளின் காதில் விழுந்தது.

சரி, எப்படித் தொடங்குவது என்று பார்ப்போம்.

முதலில் அப்போஸ்தலர் 10-ஐ ஒரே மூச்சில் வாசியுங்கள்

நின்றுவிடாமல் 11-ஆம் அதிகாரம் 18-ஆம் வசனம் வரை போங்கள். தனியாக வேண்டாம், இரண்டு மூன்று பேராக உட்கார்ந்து சத்தமாக வாசியுங்கள். செசரியாவில் இருந்த ரோம நூற்றுக்கு அதிபதி கொர்நேலியு, யோப்பாவில் இருந்த பேதுரு, இரண்டு ஊருக்கும் நடுவே கடலோரமாக ஏறக்குறைய 50 கிலோமீட்டர். கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் ஞாயிறு பள்ளியில் கேட்ட ஞாபகத்தோடு நிறுத்திக்கொண்டால் சில விஷயங்கள் கண்ணில் படாமல் போய்விடும்.

பேதுரு அப்போது தங்கியிருந்தது தோல் பதனிடும் சீமோன் வீட்டில். செத்த மிருகங்களின் தோலைத் தொட்டு வேலை செய்கிறவனை அந்தக் காலத்து யூதர்கள் ஒதுக்கியே வைத்திருந்தார்கள். அந்த வீட்டில் படுத்து, அந்த நாற்றத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆளைத்தான் ஆண்டவர் அடுத்து ஒரு ரோமன் வீட்டுக்கு அனுப்புகிறார். பாதித் தூரம் அவரை ஏற்கெனவே கூட்டி வந்துவிட்டார். உங்கள் வாழ்க்கையிலும் அப்படி ஏதாவது நடந்திருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். வெளியூரில் வேலை கிடைத்து ஆள் தெரியாத சபையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த காலம், வேறு சாதியில், வேறு மதத்தில் கிடைத்த உயிர் நண்பர், மருத்துவமனையில் பக்கத்துப் படுக்கைக்காரர் கொடுத்த கஞ்சி, இதெல்லாம் சும்மா நடந்ததல்ல.

இன்னொன்று. யூதர் சாப்பிடக்கூடாத மிருகங்களும் இருந்த, துப்பட்டி போன்ற ஒரு கூடு வானத்திலிருந்து இறங்கி வந்த தரிசனத்தை மூன்று தரம் பார்த்தும் பேதுருவுக்கு அர்த்தம் விளங்கவில்லை. அவர் மொட்டை மாடியில் குழம்பிக்கொண்டிருக்கும்போதே கொர்நேலியு அனுப்பிய மூன்று பேர் கீழே வாசலில் வந்து நின்று சீமோனின் வீடு இதுதானா என்று விசாரிக்கிறார்கள். ஆவியானவர் அந்த நேரத்தில் தரிசனத்தை விளக்கவில்லை, சந்தேகப்படாமல் அவர்களோடு போ என்று மட்டும் சொல்கிறார். பேதுரு அவர்களை உள்ளே அழைத்து அன்று இரவு தங்கவைக்கிறார், மறுநாள் கிளம்புகிறார், அதற்கு அடுத்த நாள் செசரியாவில் அந்த வீட்டுக்குள் நின்றபோதுதான் "தேவன் பட்சபாதமுள்ளவரல்ல" என்று அவர் வாயில் வருகிறது. நம்புவது என்றால் எனக்கு இதுதான். புரிந்த அளவுக்கு ஒரு அடி வைப்பது, மிச்சத்தை அவர் பொறுப்பில் விடுவது.

பாரத்தைச் சோதித்துப் பாருங்கள்

நம்புவது வேறு, கண்ணை மூடிக்கொண்டு குதிப்பது வேறு. இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொண்டு இந்தக் கேள்விகளை ஜெபத்தில் வையுங்கள்.

உங்கள் பாரத்துக்கு முகம் இருக்கிறதா? "வடமாநிலத்தவர்கள்", "புதிய ஆத்துமாக்கள்" என்று பொதுவாகத்தான் மனதில் ஓடுகிறதென்றால் இன்னும் காத்திருங்கள். மூலையில் இருக்கும் ஓட்டலில் தட்டு கழுவும் அந்தப் பையன், மூன்று வாரமாகத் தனியாக வந்து ஆராதனை முடிந்ததும் யாரிடமும் பேசாமல் போய்விடும் அந்த அம்மா என்று ஆள் மனதில் வருகிறதென்றால் அங்கே ஒரு வாசல் இருக்கிறது.

இந்த வேலையில் உங்கள் பெயர் எங்கேயும் வராது, நோட்டீஸில் போடமாட்டார்கள், ஆண்டறிக்கையில் வாசிக்கமாட்டார்கள் என்றாலும் செய்வீர்களா?

முகத்துக்கு நேராக "இது உனக்குச் சரிவராது" என்று சொல்லக்கூடிய இரண்டு பேரிடம் இதைச் சொன்னீர்களா? சாமுவேல் சிறுவனாக இருந்தபோது ஆண்டவர் கூப்பிட்ட குரலைக் கேட்டு மூன்று தரம் ஏலியிடம் ஓடினான். அது யார் குரல் என்று கண்டுபிடித்துச் சொன்னது கண் மங்கிப்போன அந்தக் கிழவர்தான். உங்களுக்கும் ஒரு ஏலி வேண்டும்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் கதையை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1890-களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் மிஷனெரி மருத்துவரான அப்பாவோடு தங்கியிருந்த இளம்பெண் அவர், அமெரிக்காவுக்குத் திரும்பிப் போய்விடவேண்டும் என்பதுதான் எண்ணம், ஊழியம் வேண்டவே வேண்டாம் என்றிருந்தார். ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வீட்டு வாசலுக்கு வந்தார்கள், ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவரும் கிறிஸ்தவரல்ல. மூன்று பேருடைய மனைவியும் பிரசவ வேதனையில். அப்பாதான் டாக்டர், அவரைக் கூட்டிப்போங்கள், எனக்கு ஒன்றும் தெரியாது என்று ஐடா சொல்லிப் பார்த்தார். ஆண் மருத்துவர் எங்கள் பெண்ணைப் பார்க்கக்கூடாது என்று மூவரும் போய்விட்டார்கள். காலையில் மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி வந்தது. அதன்பிறகு அவர் மருத்துவம் படிக்கப் போனார், 1899-இல் பட்டம் வாங்கினார், 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு ஒரு மருந்தகம் திறந்தார். அவருடைய அழைப்பைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர்கூடச் சபையைச் சேர்ந்தவரில்லை.

ஆயரிடம் பேசுங்கள்

இதைத் தவிர்த்துவிட்டு எதையும் செய்யாதீர்கள். சி.எஸ்.ஐ. என்றால் ஆயரும் சேகரக் கமிட்டியும், கத்தோலிக்கத் திருச்சபை என்றால் பங்குத்தந்தையும் பங்குப் பேரவையும், சுயாதீன சபை என்றால் பாஸ்டர். போய் நின்றவுடன் "நம்ம சபையில் வர்றவங்களை யாரும் கண்டுக்கிறதே இல்லை" என்று ஆரம்பித்தால் அங்கேயே முடிந்துவிடும். "ஐயா, ஞாயிற்றுக்கிழமை கேட் பக்கம் நான் நிற்கட்டுமா, புதுசா வர்றவங்களை உள்ளே கூட்டிட்டு வந்து உட்காரவைக்கிறேன்" என்று கேளுங்கள். சின்ன வேலையாகக் கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள்.

புதியவர் கண்ணால் உங்கள் ஆலயத்தைப் பாருங்கள்

ஒரு ஞாயிறு வழக்கமான இடத்தில் உட்காராமல், கேட்டிலிருந்து ஆசீர்வாதம் வரை, ஒன்றுமே தெரியாதவர்போலப் பாருங்கள். செருப்பை எங்கே விடுவது? ஆண்கள் ஒரு பக்கம் பெண்கள் ஒரு பக்கம் உட்காரும் ஆலயமா, அப்படியானால் அதை யார் சொல்வார்கள்? பீடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பலகையில் "பா" என்று போட்டு ஒரு எண், "கீ" என்று போட்டு ஒரு எண். பாமாலைக்கும் கீர்த்தனைக்கும் எழுதியது அது என்று பிறந்ததிலிருந்து வருகிற நமக்குத் தெரியும், நேற்று வந்தவருக்கு எப்படித் தெரியும்? எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள், இவர் தாமதமாக எழுகிறார், எழுந்தவுடன் எல்லாரும் முழங்கால்படியிடுகிறார்கள். "லூக்கா பதினைந்து" என்று சொன்னவுடன் பக்கத்தில் இருப்பவர்கள் டக்கென்று எடுத்துவிடுகிறார்கள், இவர் ஆதியாகமத்திலிருந்து புரட்டிக்கொண்டிருக்கிறார், வியர்க்கிறது.

இதற்குப் பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, பக்கத்தை எடுத்து, விரலால் வரியைக் காட்டி, புத்தகத்தை இருவருமாகப் பிடித்துக்கொண்டால் போதும். எப்போது எழவேண்டும் என்று முன்கூட்டியே காதில் சொல்லுங்கள். கையில் பாட்டுப் புத்தகத்தைத் திணித்துவிட்டு உங்கள் இடத்துக்குப் போய்விடுவது வரவேற்பாகாது.

முதல் பேச்சு: எதைக் கேட்கலாம், எதைக் கேட்கவே கூடாது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன், நம் சபைகளில் ஆள் திரும்பி வராமல் போவது அதிகமும் இங்கேதான்.

"எந்த ஊரு?" இது வரைக்கும் சரி. அதற்கு அடுத்து "அந்த ஊர்ல எந்தத் தெரு?", "உங்க அப்பா பேரு என்ன, யார் குடும்பம்?", "அங்கே எந்தக் கோவிலுக்குப் போவீங்க?" என்று கேட்கும்போது நாம் எதைத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறோம் என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். சாதியை நேராகக் கேட்கவில்லை என்பதால் அது சாதி விசாரணை இல்லை என்று ஆகிவிடாது. பதில் கிடைத்ததும் முகத்தில் வரும் சின்ன மாற்றத்தை, தலைமுறை தலைமுறையாக அதைப் பார்த்துப் பழகியவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இது நம் திருச்சபையில் புதிய நோயில்லை. 1833-இலேயே கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேறுபாடுகளை உடனடியாகவும் முழுமையாகவும் கைவிடவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். அதைக் கேட்டுச் சபையை விட்டே போனவர்கள் உண்டு. வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்தில் சாதிக்கு ஒரு பக்கமாக மக்களைப் பிரித்து உட்காரவைத்திருந்த தடுப்பை 1910-இல்தான் இடித்தார்கள், அது நீதிமன்றம் வரை போனது. சுவர்கள் இடிந்த பிறகும் கல்லறைத் தோட்டத்திலும் கல்யாணப் பேச்சிலும் சபைத் தேர்தல் அணிகளிலும் அது எங்கெங்கே நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியும். புதியவர்களை வரவேற்கும் ஊழியம் செய்யப் போகிற நீங்கள் முதலில் உங்கள் நாக்கிலிருந்து இதை எடுத்துவிடவேண்டும், இதில் சமரசமே கிடையாது.

அப்போது என்னதான் பேசுவது? "வாங்க, என் பேரு இது, நான் இந்தப் பக்கம்தான் இருக்கேன். தண்ணி குடிக்கிறீங்களா?" வந்தது பஸ்ஸிலா, வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களா, வேலை எப்படி, இந்த ஊர் வெயில் பழகிவிட்டதா. "நீங்க ரட்சிக்கப்பட்டீங்களா?" என்று முதல் நாளே கேட்காதீர்கள். பொட்டு வைத்திருக்கிறாரா, தாலி போட்டிருக்கிறாரா என்று பார்த்து எதுவும் சொல்லாதீர்கள். ஏன் வந்தார் என்று அவராகச் சொல்லும்வரை பொறுங்கள், நோய், கடன், வீட்டுச் சண்டை, கனவு, சும்மா பாட்டுச் சத்தம் கேட்டு, எதுவாகவும் இருக்கலாம். பேதுரு கொர்நேலியுவின் வீட்டுக்குள் போனதும் உடனே பிரசங்கம் பண்ணவில்லை, என்னை எதற்காக அழைத்தீர்கள் என்றுதான் கேட்டார். கொர்நேலியு தன் கதையை முழுசாகச் சொல்லி முடித்த பிறகே இவர் வாயைத் திறந்தார்.

கைபேசி எண் வாங்கினால் அதே வாரம் ஒருமுறை கூப்பிட்டு நலம் விசாரியுங்கள். வாட்ஸ்அப் குழுவில் கேட்காமல் சேர்த்துவிடாதீர்கள், புகைப்படம் எடுத்துப் போடவே போடாதீர்கள். அவர் இங்கே வருவது வீட்டில் தெரியாமல் இருக்கலாம், ஒரு படத்தால் அவர் வாழ்க்கை புரண்டுவிடும்.

திருவிருந்தும் காணிக்கையும்

சுருக்கமாகச் சொல்கிறேன். திருவிருந்து ஞாயிறு என்றால் அது தொடங்குவதற்கு முன்பே, அது என்ன, உங்கள் சபையில் யார் பெறுகிறார்கள் என்று மெதுவாகச் சொல்லிவிடுங்கள், எல்லாரும் எழுந்துபோன பிறகு அவர் தனியாகக் கூசிப்போய் உட்கார்ந்திருக்க விடாதீர்கள். முன்னால் வந்து முழங்கால்படியிட்டு ஆசீர்வாதம் மட்டும் பெற்றுக்கொள்ளலாமா என்று ஆயரிடம் முன்பே கேட்டு வையுங்கள். நீங்களும் அந்த வாரம் கடைசியில் போய், அதுவரை அவர் பக்கத்தில் இருங்கள். காணிக்கைப் பை வரும்போது "போடணும்னு இல்லை" என்று ஒரு வார்த்தை.

வெளிமாநிலத்தவர் வந்தால்

திருப்பூர், கோயம்புத்தூர், சென்னைப் புறநகர் என்று ஜார்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர், அசாம் ஆட்கள் இல்லாத இடமில்லை. பலர் இவர்களை "சுவிசேஷம் கேள்விப்படாதவர்கள்" என்றே நினைத்துக்கொண்டு பேச ஆரம்பிக்கிறார்கள். ஜெர்மனியின் கோஸ்னர் மிஷனைச் சேர்ந்த மிஷனெரிகள் ராஞ்சிக்கு வந்தது 1845-இல். முண்டா, ஓராவோன், கரியா பழங்குடிகளில் பல தலைமுறைக் கிறிஸ்தவர்கள் உண்டு. உங்கள் கட்டடத்தில் செங்கல் சுமக்கிறவர் உங்கள் தாத்தாவுக்கு முன்பிருந்தே லுத்தரன் சபைக் குடும்பமாக இருக்கலாம். ஆகவே கற்றுக்கொடுக்கும் தோரணையை விட்டுவிட்டு "ஜெய் மசிஹ் கீ" என்று வணக்கம் சொல்லிப் பாருங்கள். பதில் வரும் விதத்திலேயே தெரிந்துவிடும்.

வேதாகமச் செயலிகளில் இந்தி, ஒடியா எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறது. அன்றைய வேத பாடத்தை அவர் கைபேசியில் எடுத்துக் கொடுத்தால் பிரசங்கம் புரியாவிட்டாலும் வசனம் கையில் இருக்கும். பலருக்கு ஞாயிறு காலை விடுப்பு இருக்காது, மாலை ஆராதனை எத்தனை மணிக்கு என்று சொல்லி வையுங்கள். அவர்கள் தங்கியிருக்கும் இடத்துக்குப் போவதானால் மேஸ்திரியிடமும் வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டுப் போங்கள், உங்களால் அவர்களுக்கு வேலை போய்விடக்கூடாது.

உதவி செய்தால் உதவியாகவே செய்யுங்கள். காய்ச்சல் என்றால் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், சம்பளம் நிறுத்திவைத்திருந்தால் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போக வழி சொல்லுங்கள். அதற்குக் கைம்மாறாக ஆராதனைக்கு வரவேண்டும் என்ற பேச்சே வரக்கூடாது. அரிசி மூட்டையைக் காட்டி ஆளைச் சேர்ப்பது அவரையும் அவமதிக்கிறது, சுவிசேஷத்தையும் அவமதிக்கிறது. வேறு மதத்தில் இருந்துகொண்டே உங்கள் நண்பராகக் கடைசிவரை இருக்க அவருக்கு உரிமை உண்டு. "அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்" என்று சொன்னவர் அந்த அந்நியனின் மதத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

பந்தியில் யார் பக்கத்தில் யார்

திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் அசனம் என்றால் ஊரே கூடும். பெரிய அண்டாக்களில் சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, வரிசையாக இலை. புதியவரைக் கூப்பிட இதைவிட நல்ல நாள் இல்லை, ஆனால் கூப்பிட்டுவிட்டு நீங்கள் பரிமாறப் போய்விட்டால் அவர் தெரியாத கூட்டத்தில் தனியாக இலை முன்னால் உட்கார்ந்திருப்பார். அன்று பரிமாறும் வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டு அவரோடு பந்தியில் உட்காருங்கள். ரூத்தின் புத்தகம் இரண்டாம் அதிகாரத்தில் போவாஸ் செய்ததைப் பாருங்கள். மோவாபியப் பெண்ணான ரூத்துக்குத் தனியாக எங்கேயோ சோறு கொடுத்து அனுப்பவில்லை, அறுக்கிறவர்கள் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் திருப்தியாகச் சாப்பிட்டு மீதியும் வைக்கும் அளவுக்குத் தன் கையால் வறுத்த தானியத்தைக் கொடுத்தார், அவள் போன பிறகு, கதிர்களில் கொஞ்சம் வேண்டுமென்றே சிந்தவிடுங்கள், அவளை அதட்டாதீர்கள் என்று வேலைக்காரர்களிடம் சொன்னார். கடைசிப் பகுதி முக்கியம். நீங்கள் இல்லாத நேரத்தில் உங்கள் சபையார் அவரிடம் எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்பதையும் நீங்கள்தான் பார்த்துக்கொள்ளவேண்டும்.

அசனம் வருடத்துக்கு ஒருமுறை. அதற்கு நடுவில் வீட்டுக்குக் கூப்பிடுங்கள், ஞாயிறு மதியம், இருக்கிற சாப்பாடு. பிறகு அவர் கூப்பிட்டால் போங்கள், அவர் வீட்டுத் தண்ணீரைக் குடியுங்கள், அவர் தட்டில் சாப்பிடுங்கள். போட்டதைச் சாப்பிடாமல் "இப்பதான் சாப்பிட்டு வந்தேன்" என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று நம் ஊரில் விளக்க வேண்டியதில்லை.

எதிர்ப்பு வரும்போது

வரும். "யாரையெல்லாமோ உள்ளே கூட்டிட்டு வர்றான்", "இவங்க வந்தா நம்ம பிள்ளைகளுக்கு என்ன ஆகும்", "ஓட்டு சேர்க்கப் பார்க்கிறான்". பேதுரு எருசலேமுக்குத் திரும்பியபோது அவர்மேல் வந்த குற்றச்சாட்டு பிரசங்கத்தைப் பற்றியதல்ல, யூதரல்லாதவர்களோடு போய்ச் சாப்பிட்டீரே என்பதுதான். அவர் கோபப்படாமல் நடந்ததை முதலிலிருந்து வரிசையாகச் சொன்னார், கூடவே கூட்டிப்போயிருந்த ஆறு சகோதரர்களைச் சாட்சியாகக் காட்டினார். நீங்களும் எங்கேயும் தனியாகப் போகாதீர்கள். கேட்டில் நிற்க, வீட்டுக்குப் போக, மருத்துவமனைக்குப் போக என்று எப்போதும் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், முடிந்தால் உங்களைக் குறை சொல்லக்கூடியவர்களில் ஒருவரையே. பெண்களையும் குழந்தைகளையும் சந்திக்கப் போகும்போது இது கட்டாயம், பாதுகாப்புக்காகவும்தான்.

அந்த எதிர்ப்பு வெளியிலிருந்துதான் வரும் என்று நினைக்காதீர்கள். இதே பேதுரு, இவ்வளவையும் கண்ணால் கண்ட பேதுரு, பிறகு அந்தியோகியாவில் எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிடுவதை நிறுத்திக்கொண்டு மெல்ல விலகினார். பவுல் எல்லார் முன்னாலும் நேருக்கு நேர் கேட்டதைக் கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தில் எழுதி வைத்திருக்கிறார். சொந்தக்காரர் ஒருவர் ஆராதனைக்கு வந்த அன்று, வழக்கமாகப் பக்கத்தில் உட்காரும் புதிய நண்பரைப் பார்க்காததுபோல் முன் பெஞ்சுக்குப் போய்விடத் தோன்றும். அந்த நேரம் வருமென்று இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், உங்களைத் தட்டிக்கேட்க ஒருவருக்கு இப்போதே அனுமதி கொடுத்து வையுங்கள்.

அவர் தங்கினாலும், போனாலும்

சில மாதம் தொடர்ந்து வருகிறார் என்றால் "புதியவர்" என்று கூப்பிடுவதை நிறுத்திவிடுங்கள். பாடகர் குழுவில் இடம், வேத பாடம் வாசிக்கும் முறை, கிறிஸ்துமஸ் குடில் கட்டும் வேலை, கணக்கு பார்க்கத் தெரிந்தவரென்றால் கணக்கு. பொறுப்பு கொடுக்காமல் அன்பு மட்டும் காட்டிக்கொண்டே இருந்தால் அவர் என்றைக்கும் விருந்தாளியாகவே இருப்பார். ஞானஸ்நானம், சபை உறுப்பினர் சேர்க்கை போன்றவற்றை அவராகக் கேட்கும்போது ஆயரிடம் கூட்டிப் போங்கள், நீங்கள் அவசரப்படுத்தவேண்டாம்.

பலர் போய்விடுவார்கள். வேலை முடிந்து ஊருக்கு, வேறு சபைக்கு, சிலர் ஏன் என்றே தெரியாமல். ஒருமுறை கூப்பிட்டு நன்றாக இருக்கிறீர்களா என்று கேளுங்கள், ஏன் வரவில்லை என்று குறுக்கு விசாரணை வேண்டாம். ஊருக்குத் திரும்புகிறவரென்றால் ரயில் ஏற்றிவிடப் போங்கள், வழிக்கு இரண்டு பொட்டலம் சாப்பாடு கட்டிக் கொடுங்கள், அவர் ஊர்ச் சபையின் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அவர் குடும்பத்தில் யாருக்காவது வேலூரில் சிகிச்சைக்கு வரவேண்டியிருந்தால் உங்களைக் கூப்பிடலாம் என்று சொல்லி எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.